இளக்கிக் கட்டிய தோள்கள்

என் மனைவியின் தகப்பன் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் கட்டுப் போடுகிற பரியாரி, நாட்டு வைத்தியர். நாவற்குடாவில் எங்கள் வளவுக்கு வழி கேட்டு வந்தவர்கள் யாரும் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "முறிவுக்காரர் வீடு எது?" என்றுதான் கேட்பார்கள். கையைத் தாங்கிப் பிடித்தபடி யாராவது வீதியில் தயங்கி நின்றால், வாய் திறக்கும் முன்பே அயலவர்கள் எங்கள் வாசல் படலையைக் காட்டிவிடுவார்கள்.

நான் கலியாணம் முடித்து அந்த வளவுக்குப் போனபோது எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். மாமாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு வீதியோரம் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். தான் இருந்த வீட்டை இரண்டாவது மகளான என் மனைவிக்கு எழுதிவிட்டு, மாமியையும் கடைசி மகளையும் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஓர் ஓலை வீட்டுக்கு மாறிவிட்டார். கடைசிக்கும் ஒரு வீடு கட்டி முடித்துவிட்டால் தனக்கு வேறு வேலை இல்லை என்பார்.

காலையில் நோயாளிகள் வர முன்பு மூன்று பெண்களும் தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் முன்னால் வந்து முதுகைக் காட்டி இருக்க வேண்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை பெருவிரலால் ஒரு முறை அழுத்திக்கொண்டு போவார். "நேத்து எதையோ தூக்கியிருக்காய்" என்பார். "தலையணைய மாத்து" என்பார். மூத்தவளுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். அவளும் வந்து இருப்பாள். மாமிக்கு மட்டும் கால். மாமி பகலெல்லாம் நின்று எண்ணெய் காய்ச்சுகிறவர், அவருடைய குதிக்கால்களை மடியில் வைத்து உருவிவிட்டுத்தான் மாமா தன்னுடைய தேத்தண்ணியைக் குடிப்பார். நான் இதைத் தூரத்தில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார். வெட்கத்தில் தோணியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாவிக்கரைக்குப் போய்விட்டேன்.

நான் அப்படிப்பட்டவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வாவியில் வலை போடுவது தொழில். தோணியில் தனியாக இருந்தால் பாட்டுக்கூடப் படிப்பேன். நாலு பேர் நின்று என் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. இந்தக் குணத்தால் நான் செத்திருக்க வேண்டியவன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அந்த மழைக்காலத்தில் வாவி கலங்கி நீரோட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. வலை கட்டிய கம்பு ஒன்றைச் சேற்றிலிருந்து பிடுங்கும்போது தோணி விலகிப் போனது. நான் கம்பை விடவில்லை. வலது கை கம்போடு நின்றுவிட்டது, உடம்பு தோணியோடு போனது. தோள்மூட்டு கழன்று முன்னால் வந்துவிட்டது. ஒற்றைக் கையால் எப்படிக் கரை சேர்ந்தேன் என்று தெரியாது.

மாமா என்னை வாங்குப் பலகையில் இருத்தினார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பின்னால் மாமி, மூன்று பெண்கள், கட்டு மாற்ற வந்த இரண்டு பேர்.

"மருமகன், முந்தநாள் பட்ட பெரிய கொடுவா மீன ஆருக்குக் குடுத்த?" என்று கேட்டார். "என்ட மகளுக்கா, உன்ட அம்மாக்கா?"

உண்மையில் அம்மாவுக்குத்தான் கொடுத்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நிலத்தைப் பார்த்த அந்த நேரத்தில் இழுத்துத் திருப்பிவிட்டார். கடக்கென்று மூட்டு உள்ளே போனது. கத்துவதற்குள் முடிந்துவிட்டது.

"அம்மாக்குத்தான் குடுத்திரிக்கான்" என்றார். "வாய் செல்லாட்டியும் முகம் செல்லுது."

பிறகு கட்டு. முறிவெண்ணெயில் நனைத்த துணி, அதன்மேல் மெல்லிய மூங்கில் சிம்புகள், அதன்மேல் வேட்டிக் கரையைக் கிழித்து முறுக்கிய பட்டி. அந்தப் பட்டி தோளுக்கு மேலால் போய் அக்குளுக்குள்ளால் வந்து நெஞ்சைச் சுற்றும். இறுக்கும்போது தன் முழங்காலை என் விலாவில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். இளக்கிக் கட்டினால் தோள் சரிந்துபோகும், பிறகு பாரம் தூக்க ஏலாது என்பார். அவர் கட்டிய தோள் எதுவும் சரிந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. இருபத்தொரு நாள் அவிழ்க்கக் கூடாது.

பதினாலாம் நாள் அவரே அவிழ்த்தார்.

காரணம் இதுதான். அது இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலம். அந்த வாரம் பக்கத்து ஊரை ஆமி சுற்றிவளைத்திருந்தது. கையில் கட்டோடு இருந்த ஒரு பொடியனைச் சண்டையில் காயப்பட்டவன் என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் தென்னையால் விழுந்தவன். செய்தி வந்த அன்று பின்னேரமே மாமா என்னை முற்றத்தில் இருத்திக் கட்டை அவிழ்த்தார். சுடுதண்ணியால் துடைத்தார். எண்ணெய் போட்டு உருவினார்.

மாமி பக்கத்தில் வந்து பார்த்தார். "இஞ்சாருங்க, தழும்பு கிடக்கே?"

தோளுக்கு மேலே குறுக்காக இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்த ஒரு கோடு கிடந்தது. தோல் காய்த்துப் போயிருந்தது.

"ரெண்டு நாள் உருவினாப் போயிரும்" என்றார் மாமா. "கட்டுத்தான் கண்ணுக்குத் தெரியும். தழும்ப ஆர் பாக்கப் போறான்?"

எலும்பையும் கட்டையும் பற்றியே நினைத்துப் பழகிய மனிதர். அப்படித்தான் அந்தப் பிழை வந்தது. சுற்றிவளைப்பில் சேட்டைக் கழற்றச் சொல்வார்கள் என்பதும் இயக்கத்தில் துவக்குத் தூக்கிச் சுட்டவனுக்குள்ள வார்த் தழும்பு இருக்கிறதா என்று தோளைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பரியாரிக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கிடைக்கவில்லை. அடுத்த நாள் விடியும்போதே எங்கள் ஊரைச் சுற்றிவளைத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட விளையாட்டிடத்துக்கு வரச் சொன்னார்கள். வெயிலில் வரிசை. முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன், ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன், ஜீப்பில் இருந்தான். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வரிசையில் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரன் என் தோளைத் தொட்டுப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான்.

"இது என்ன?" என்று தமிழில் கேட்டான்.

சொல்ல வேண்டியது ஒரே வசனம். கை கழன்றது, கட்டுப் போட்டது. மாமா மூன்று ஆளுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. என் நாக்கு அசையவில்லை.

மாமா வரிசையை விட்டு வெளியே வந்தார். "ஐயா, அது கட்டுத் தழும்பு. நான்தான் கட்டினன்." துவக்குப் பிடியால் நெஞ்சில் ஒன்று கொடுத்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். கேட்டதற்கு நான் பதில் சொல்லாததும், கேட்காமல் அவர் சொன்னதும் அவர்களுக்குச் சந்தேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். என்னோடு சேர்த்து ஐந்து பேரை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

ஆமி காம்பில் நடந்ததை நான் அதிகம் எழுதப் போவதில்லை. பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றில் வைத்திருந்தார்கள். கூரைத் தகரத்தில் காகங்கள் நடக்கும் சத்தம் கேட்கும். கேள்வி கேட்டவர்களுக்குக் கடைசியில் பதில் சொன்னேன். கை கழன்றது, கட்டினார்கள் என்றேன். முதல் நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறாய், யார் சொல்லித் தந்தது என்று கேட்டு அடித்தார்கள். இரண்டாம் நாள் எங்களில் ஒருவனை வெளியே கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு களஞ்சியக் கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் நாலு பேரும் ஆளை ஆள் பார்க்காமல் இருந்தோம்.

வெளியே நடந்ததை என் மனைவி பிறகு எனக்குச் சொன்னாள். மாமா அன்றைக்கே காம்பு வாசலுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே தாய்மார் மரத்தடியில் இருந்தார்கள். வாசலில் காவல் நின்ற சென்றிக்காரன் யாரையும் கிட்ட விடவில்லை. மாமாவுக்குச் சிங்களம் தெரியாது. காத்தான்குடியிலிருந்து ஒரு வியாபாரி காம்புக்கு மரக்கறி இறக்க லொறியில் வருகிறவர். ஒரு காலத்தில் லொறியால் விழுந்து காலை முறித்துக்கொண்டு ஒரு மாதம் எங்கள் வளவுக்கு வந்து போனவர் அவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நேரம் தமிழரும் முஸ்லிம்களும் ஆளை ஆள் நம்பாத நேரம். மாமா லொறியை மறித்தார்.

"பரியாரியார், நீங்க செல்லுறத நான் அதிகாரி மாத்தயாக்கிட்டச் செல்லுவன்" என்றார் அந்தக் காக்கா. "ஆனா அவன் நம்போணுமே. நாளைக்கு ஆரும் வந்து இப்பிடிச் செல்லலாம்தானே."

"கண்ணால காட்டினா நம்புவானா?"

"எதக் காட்டுற?"

மாமா நேரே வீட்டுக்கு வந்தார். மாமியைக் கூப்பிட்டு எண்ணெய்த் துணியும் சிம்பும் பட்டியும் எடுக்கச் சொன்னார். சேட்டைக் கழற்றிவிட்டு வாங்கில் இருந்தார். எனக்குக் கட்டியதைப் போலவே, அதே வலது தோளில், தனக்குக் கட்டச் சொன்னார். பதினாலு நாள் காத்திருக்க நேரமில்லை. நாலைந்து நாளில் அந்தத் தழும்பு வர வேண்டும். அதனால் எனக்குக் கட்டியதைவிட இறுக்க வேண்டும்.

மாமி கட்டினார். மாமா தோளை அசைத்துப் பார்த்தார்.

"இது என்ன, சீலைத் தலைப்புச் செருகுறயா? இழுகா!"

"எனக்கு ஏலாது. உங்களுக்கு அம்பத்தாறு வயசு."

"வயசக் கேட்டனா? இழு எண்டன்."

மாமி பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அவள் வந்து தாயின் கையிலிருந்து பட்டியை வாங்கினாள்.

"முழங்கால என்ட விலாவில குத்து" என்றார் மாமா. "ஆ, அப்பிடி. இழு மகள். புருசன் வேணுமெண்டா இழு மனே!"

அவள் இழுத்தாள். அவர் ஒரு சத்தமும் போடவில்லை, கண்ணிலிருந்து தண்ணி மட்டும் வந்தது என்று சொன்னாள்.

அந்தக் கட்டோடு தினமும் காலையில் காம்பு வாசலுக்குப் போனார். ஊரடங்குக்கு முன்பு திரும்பி வருவார். வீட்டில் இருந்தாலும் தழும்பு வரும்தான். ஆனால் சென்றிக்காரர்கள் தினமும் தன்னைக் கட்டோடு பார்க்க வேண்டும், பிறகு கேட்டால் அவர்களே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் நாள் விரல்கள் ஊதி நீலம் பாரித்தன. சோற்றை மாமி ஊட்டிவிட்டார். அந்த நாட்களில் வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார். காலையில் தன் பெண்களின் முதுகை மட்டும் இடக்கையால் பார்த்தாராம்.

ஐந்தாம் நாள் காக்கா லொறியில் அவரை ஏற்றி உள்ளே கொண்டு போனார். கணக்குப்பிள்ளை என்று சொல்லியா, உதவிக்கு ஆள் என்று சொல்லியா, எனக்குத் தெரியாது. குசினிக்குப் பின்னால் அதிகாரி மேசை போட்டு இருந்தான். என்னைக் களஞ்சியத்திலிருந்து கூட்டி வந்தபோது, என் முறை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அங்கே மரக்கறிக் கூடைகளுக்கு நடுவில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஊதிய கை நெஞ்சோடு சேர்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

காக்கா சிங்களத்தில் நீளமாகப் பேசினார். அவருடைய தொப்பிக்குக் கீழே வியர்வை ஓடியது. அதிகாரி கையைக் காட்டினான். மாமா இடக்கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. காக்காதான் அவிழ்த்தார். பட்டி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. உரிக்கும்போது மாமா இடக்கையால் மரக்கறிக் கூடையைப் பிடித்துக்கொண்டார். நான் அசைந்தேன், பின்னால் நின்றவன் பிடித்துக்கொண்டான்.

எங்கள் இருவரையும் சேட் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி எழும்பி வந்தான். என் தோளில் ஒரு விரலை வைத்தான். அவர் தோளில் ஒரு விரலை வைத்தான். அவருடையது புதிது, அதனால் சிவப்பு. மற்றப்படி அதே இடம், அதே அகலம், அக்குள் பக்கம் அதே வளைவு. அதிகாரி ஏதோ சொன்னான். நின்ற ஆமிக்காரர் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை.

"என்ன செல்லுறார் காக்கா?" என்று மாமா கேட்டார்.

"அப்ப ரெண்டு பேருமா துவக்குத் தூக்கின எண்டு கேக்கார். ரெண்டு பேரையும் உள்ள போடட்டா எண்டு கேக்கார்."

"போடலாம் எண்டு செல்லுங்க. மாப்பிள்ளைய வெளிய உட்டுப்போட்டு என்னப் போடச் செல்லுங்க. அவன்ட பொஞ்சாதி புள்ளத்தாச்சி."

காக்கா அதை அப்படியே சொன்னாரா, குறைத்துச் சொன்னாரா, தெரியாது. அதிகாரி கதிரையில் போய் இருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாசல் சென்றியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். சென்றிக்காரன் மாமாவின் கையைக் காட்டிப் பதில் சொன்னான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து, போகச் சொன்னான்.

வாசலைத் தாண்டும்போது மரத்தடியில் இருந்த தாய்மார் எழும்பி வந்தார்கள். அதில் ஒரு அம்மா மாமாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் என்னோடு களஞ்சியத்தில் இருந்தவன். முழங்கையில் இருந்த காய்ப்பு பயிற்சியில் ஊர்ந்து வந்தது என்று பிடிக்கப்பட்டவன். அவன் செங்கல் சூளையில் வேலை செய்கிறவன்.

"பரியாரியார், என்ட மகனுக்கும் நீங்கதான் கட்டின எண்டு செல்லுங்களன். முழங்கையில கட்டின எண்டு செல்லுங்க. நான் உங்களுக்கு இப்பவே கட்டி உடுறன்."

மாமா திரும்பி லொறியைப் பார்த்தார். காக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை அசைத்தார். "ரெண்டாம் தரம் நம்ப மாட்டான் பரியாரியார். மருமகனயும் திருப்பி எடுத்திருவான். என்னயும் சேத்து."

மாமா அந்த அம்மாவிடமிருந்து கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா தானாக விடும்வரை நின்றார். அந்த மகன் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் என்னை வளவை விட்டு வெளியே போக விடவில்லை. தழும்பு மங்கும்வரை காலையும் பின்னேரமும் தேங்காய் எண்ணெய் போட்டு உருவினார். நானும் பெண்களோடு வரிசையில் முதுகைக் காட்டி இருந்தேன். பேசாமல் இருந்ததற்கு அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஒரு நாள்கூட ஏசவில்லை. அவர் தன் பிழையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் விளங்கியது.

அவர் மறுபடி கட்டுப் போடத் தொடங்கியபோது ஒரு வித்தியாசத்தைப் பார்த்தேன். கிழவர்கள் வந்தால், பெண்கள் வந்தால், முழங்காலை ஊன்றி இழுத்தார். பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் ஆண் ஒருவன் தோள் கழன்று வந்தால் பட்டியை இளக்கிக் கட்டினார். சிம்பு வைக்கவில்லை. பஞ்சு வைத்து அகலத் துணியால் சுற்றிவிட்டு, எட்டாம் நாள் அவிழ்த்துவிட்டார். தோலில் ஒரு அடையாளமும் இராது.

மாமி ஒரு முறை கேட்டார். "இப்பிடிக் கட்டினா சரியுமே?"

"சரியும்" என்றார். "சரிஞ்ச தோளோட எண்டாலும் வீட்டில கிடப்பான்."

வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் பொடியன்கள் இறுக்கிக் கட்டச் சொல்லிக் கேட்பார்கள். இளம் வயதில் பயம் இருக்காது என்றார். அதனால் நாங்கள் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு தோள் பதிந்த இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆரையம்பதியில் வேறொரு பரியாரியிடம் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். கள்ளுக் குடித்துவிட்டு ஒருவர் படலையில் நின்று, "என்ன பரியாரியார், கை போயிற்றா?" என்று கத்தினார். "ஓம் மனே, வயசு போகுதுதானே" என்று இவர் உள்ளிருந்து பதில் சொன்னார். கடைசி மகளுக்கு வீடு கட்டும் வேலை அத்திவாரத்தோடு நின்றது. அவள் கலியாணமும் பிந்தியது.

சமாதானம் பேசிய காலத்தில் அவர் இறந்தார். இருதயம். காலையில் மாமியின் காலை உருவிவிட்டு எழும்பும்போது விழுந்தார்.

பாடை தூக்கியவர்களில் நான் ஒருவன். எனக்கு முன்னால் ஒரு மேசன். எங்கள் வீதிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், இவரிடம் தோளுக்குக் கட்டுப் போட்டவன். சுடலைக்குப் போகும் வழியில் பாடை அவன் பக்கம் சரிந்துகொண்டே போனது. "ஆர்ரா அந்தப் பக்கம் பதிக்கிற?" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். அவன் துவாயை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

எட்டாம் நாள் கிரியை, எட்டுச் செலவு, முடிந்த அன்று அவன் எங்கள் வளவில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்றைக்குமில்லாமல் நானாகப் பேசினேன். மாமாவின் கை போகவில்லை என்றேன். ஏன் இளக்கிக் கட்டினார் என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அந்த வருடங்களில் எத்தனை தடவை வரிசையில் நின்று சேட்டைக் கழற்றியிருப்பாய், ஒருவனும் உன் தோளில் விரல் வைக்கவில்லையே என்றேன்.

அவன் கதிரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குச் சீமெந்துப் பேக்குத் தூக்க ஏலாதண்ண" என்றான். "சாரத்தில ஏறிப் பூச ஏலாது. அரை மேசன் எண்டு கூப்பிடுறானுகள். அவர் எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே. இறுக்கிக் கட்டச் செல்லியிருப்பன்."

"இறுக்கிக் கட்டியிருந்தா நீ இண்டைக்கு இருந்திருப்பியா எண்டு தெரியாதே."

"ஓம். அதுவும் எனக்குத் தெரியாதுதான்" என்றான். "எண்டாலும் என்ட தோள்தானேண்ண."

அவன் மிச்சக் கதிரைகளையும் ஒற்றைக் கையால் அடுக்கிவிட்டு, மாமியிடம் சொல்லிக்கொண்டு போனான்.